டென்மார்க்கிலிருந்து வந்த அம்மா

வஜ்தா, மொரோக்கோ
6 செப்டம்பர் 1994

வஹீபா,

முதலில் "அன்புள்ள" என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்திருப்பது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று, டென்மார்க்கில் நாம் தங்கியிருந்த கிர்ஸ்டன் வீட்டு மாடிப்படியில் நின்று கத்தியவள் நான்தான். பாரிஸ் வரை விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, உன் முழங்கை என் பக்கம் வந்தபோதெல்லாம் இடித்துத் தள்ளியவளும் நான்தான். அதில் எதையும் நான் திரும்பப் பெறவில்லை. இந்தக் கடிதத்தைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு உங்கள் மக்னியாவில் வேறு யாரையும் தெரியாது. அவ்வளவுதான்.

என் அக்கா ஃபௌஸியாவை உங்கள் ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை மொக்தார், தெலம்சான் பேருந்து ஓட்டுகிறாரே, அவர்தான். அக்காவுக்கு நவம்பரில் பிரசவம். போன வருஷம், நாம் டென்மார்க்கில் இருந்தபோது, முதல் குழந்தை தங்கவில்லை. அதனால் இந்த முறை அம்மா முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்வதாக இருந்தது. நம் ஊர்கள் இருக்கிற தூரத்துக்குக் காலைத் தேநீரை இங்கே குடித்தால் அடுத்த தேநீர் அக்கா வீட்டில். உனக்குத் தெரியாததா. நாம் திரும்பி வந்து பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் எல்லையை மூடிவிட்டார்கள்.

அக்கா தொலைபேசியில் "நல்லா இருக்கேம்மா" என்கிறாள். அம்மா ரிசீவரை வைத்ததும், "பக்கத்துல மாமியா நிக்கிறா, மூச்சு கேட்டுது" என்கிறாள். இதே பாட்டு தினமும். நேற்று என்னிடம் வந்தாள்.

"ஏண்டி, அந்தப் பனி ஊர்ல உன்கூட இருந்தாளே மக்னியாப் பொண்ணு, அவளுக்கு எழுதேன். ஒரு நட போய்ப் பாத்துட்டு வரட்டும்."

"அவளுக்கு நேரம் இருக்காதும்மா."

"ஒரு வருஷம் ஒரே ரூம்ல தூங்கினீங்க. இப்ப நேரம் இல்லியாம்!"

நம் சண்டை அம்மாவுக்குத் தெரியாது. சொன்னால் எதற்காகச் சண்டை என்று கேட்பாள். ஒரு துணியில் வரைந்த படத்துக்காக என்று எப்படிச் சொல்வது?

பள்ளிவாசலுக்குப் பின்தெரு, பச்சைக் கதவு. மாமியார் பெயர் ஹாஜா கைரா. கொஞ்சம் வாய் நீளம். போனால் போ. போகாவிட்டால் அதையாவது எழுது.

நஜாத்

மக்னியா, அல்ஜீரியா
29 செப்டம்பர் 1994

நஜாத்,

உன் கடிதம் வந்தது. உறையில் ரபாத் முத்திரை, அல்ஜியர்ஸ் முத்திரை, நடுவே படிக்க முடியாத இன்னொன்று. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் உங்கள் பக்கத்து மலை தெரிகிறது. கடிதம் அந்த மலையைச் சுற்றிக்கொண்டு வரவில்லை, உலகத்தையே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

முதலில் ஒன்று. "ஒரு துணியில் வரைந்த படம்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் படுக்கை விரிப்பில் நம் நாடுகளின் வரைபடத்தை வரைய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தெற்கே, உங்கள் நாடு தன்னுடையது என்கிற பாலைவனத்தைத் தனியாகப் பிரித்து ஒரு புள்ளிக் கோடு போட்டேன். கிர்ஸ்டன் கொடுத்த வரைபடப் புத்தகத்தில் அது இருந்தது, எங்கள் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் இல்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். விருந்தாளிகள் வந்து உட்காரும்போது வெள்ளைப் பெயின்ட் எடுத்துப் பூசியிருக்க வேண்டாம். நான் எல்லார் முன்னாலும் திரும்பக் கறுப்பில் போட்டேன். நீ திரும்ப வெள்ளையைப் பூசினாய். அவர்கள் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். நம் தலைக்கு மேல் "அமைதியின் இளம் தூதர்கள்" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை.

ஆனால் நான் உன்னோடு பேசாமல் இருந்தது அதற்காக இல்லை. மாடிப்படியில் நீ சொன்னதற்காக. "கோடு போடறது உங்க குடும்பத் தொழில்தானே, உங்கப்பா கோட்டுமேல உக்காந்துதானே சம்பளம் வாங்கறாரு." என் அப்பா சுங்க அதிகாரி. அதில் எனக்கு வெட்கம் இல்லை. நீ சொன்ன விதத்தில் வெட்கப்பட வேண்டியதாக ஆகிவிட்டது.

உன் அக்கா வீட்டுக்குப் போனேன். ஹாஜா கைராதான் கதவைத் திறந்தார்.

"யாரு நீ?"

"ஃபௌஸியாவோட தங்கச்சிக்குச் சிநேகிதி."

"அவ தங்கச்சி வஜ்தாவுல இல்ல இருக்கா? நீ எப்படி சிநேகிதி?"

"டென்மார்க்ல ஒண்ணாப் படிச்சோம்."

"இங்க இருக்கிற வஜ்தாக்காரிகூட சிநேகிதம் பிடிக்க டென்மார்க் வரைக்கும் போனியா? காலத்தக் கெடுத்துட்டானே ஆண்டவன். வா உள்ள."

உன் அக்கா, தான் நன்றாகச் சதை போட்டிருப்பதாகவும் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பதாகவும் உன் அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

என் கண்ணால் பார்த்ததை எழுதவில்லை. அதன்மேலும் நீ வெள்ளை பூசுவாய்.

வஹீபா

வஜ்தா
20 அக்டோபர் 1994

வஹீபா,

இது என்ன விளையாட்டு? பார்த்ததை எழுதவில்லை என்று ஒரு வரி எழுதினால் அதைப் படிக்கிறவள் தூங்குவாளா? உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். அந்தக் கடைசி வரியை விழுங்கிவிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிரிச்சுக்கிட்டே இருக்காளாமா? எம் பொண்ணா? அவ கல்யாணத்தன்னைக்கே சிரிக்கல" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாளிலிருந்து குழந்தைத் துணிகளை எடுத்து வைக்கிறாள். நாங்கள் மூன்று பேர் பிறந்தபோது சுற்றிய பழைய கம்பளியைக்கூடத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள்.

பயமாக இருக்கிறது. பெட்ரோல் கடத்துகிறவர்கள் கழுதைகளோடு மலைப்பக்கமாக வந்து போகிறார்களே, அவர்களில் ஒருவனோடு அம்மா கடைத்தெருவில் நின்று பேசுவதைப் பார்த்தேன். கேட்டால் வெங்காய விலை விசாரித்தாளாம். அவளுக்கு முட்டிவலி. எங்கள் வீட்டு மாடியேறவே நான் கைபிடிக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லலாம். ஆனால் சொன்னால் அவர் தடுப்பாரா, தானும் கிளம்புவாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

இதற்கு நடுவில் என் பழைய பள்ளியில் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். தலைமையாசிரியர் என்னைப் பற்றிப் பேசியது எனக்கே யாரையோ பற்றிப் பேசுவதுபோல இருந்தது. சமாதானத்துக்காகக் கடல் தாண்டிப் போன பெண்ணாம். பனியையும் மிதிவண்டியையும் பற்றிச் சொன்னேன். டென்மார்க்காரர்கள் குழந்தையைத் தள்ளுவண்டியில் கடைக்கு வெளியே தூங்க விட்டுவிட்டு உள்ளே காபி குடிப்பார்கள் என்றேன். யாரும் நம்பவில்லை. ஒரு பெண் எழுந்து, "அங்க அல்ஜீரியாக்காரங்க யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள். ஒருத்தி இருந்தாள், ஒரு வருஷம் அவள் குறட்டையைக் கேட்டுக்கொண்டு தூங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, எல்லாரையும் கைதட்டச் சொல்லிவிட்டார்.

மாடிப்படியில் சொன்னதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இப்போது முடியவில்லை. நீ பார்த்ததை எழுது. அம்மா கிளம்ப வேண்டுமா, கிளம்பக் கூடாதா என்று அதை வைத்துத்தான் நான் முடிவு செய்ய வேண்டும்.

நஜாத்

மக்னியா
8 நவம்பர் 1994

நஜாத்,

அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. கோபத்தில் எழுதினேன்.

உன் அக்காவுக்குக் கால்கள் வீங்கியிருக்கின்றன. இரத்த அழுத்தம் அதிகம், எழுந்து நடக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் படுத்திருக்கிறார். முகம் மட்டும் ஒடுங்கிப்போயிருக்கிறது. ஹாஜா கைரா மோசமானவர் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படியும் சொல்ல முடியவில்லை. நாள் முழுக்க ஏசுகிறார். "படுத்துக்கிட்டே ராணி மாதிரி இருக்கா" என்பார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே வாயோடு கால்மாட்டில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிடுவார். எதை நம்புவது என்று எனக்குப் புரியவில்லை.

முதல் தடவைக்குப் பிறகும் போனேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது போகிறேன். யாரும் சொல்லிப் போகவில்லை. ஒருநாள் உன் அக்கா வஜ்தா கரான் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்றார். கடலைமாவில் சுடுகிற அதேதான், நாங்கள் கரந்திக்கா என்போம். சூடாக வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வாய் கடித்துவிட்டு, "இது கரான் இல்ல. உங்க ஆளுங்களுக்கு சீரகம் போடவே தெரியாது" என்று அழுதார். அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டார். எனக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

நான் அவரிடம் நேராகக் கேட்டேன், "அம்மா வரட்டுமா?" என்று. "வேண்டவே வேண்டாம். வழியில பிடிச்சுட்டாங்கன்னா? நான் இங்க படுத்திருக்கேன், அவ அங்க ஜெயில்ல இருப்பா. வேண்டாம்னு சொல்லு" என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டார். "எம்மா முட்டிக்குப் பட்டை போட்டிருக்காளான்னு கேளு. மலை ஏறினா முட்டி தாங்காது" என்றார்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? நீ அவர் தங்கை. நீயே சொல். எனக்குத் தெரிந்தவரை உன் அம்மாவை வரவிடாதே. இந்த மாதம் என் அப்பாவையும் மலைப்பக்கக் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். இதை நான் உனக்கு எழுதுவதே தப்பு.

வஹீபா

வஜ்தா
17 நவம்பர் 1994

வஹீபா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. அம்மா முந்தாநாள் போய்விட்டாள்.

காலையில் எழுந்தால் அடுப்பில் மூன்று நாளைக்குச் சூப்பு செய்து வைத்திருக்கிறது. கம்பளியைக் காணோம். உன் முதல் கடிதத்தின் உறையைக் காணோம். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "அவ சொன்னா கேக்க மாட்டான்னு தெரியும். அதனாலதான் அவ சொல்லல" என்கிறார். இதற்கு என்ன அர்த்தம்?

மொக்தார் வீட்டுக்குத் தொலைபேசி போகவே மாட்டேன் என்கிறது. கடைத்தெருவில் அந்த ஆளைத் தேடிப் போனேன். காலி கேன்களோடு கிளம்பியவர்கள் இன்னும் திரும்பவில்லையாம். இரண்டு பேரை அந்தப் பக்கம் பிடித்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

உன் அப்பா பிடித்தாரா? கேட்டுச் சொல். இல்லை, கேட்காதே. நீ கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார். எனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நஜாத்

மக்னியா
25 நவம்பர் 1994

நஜாத்,

உன்னிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. வந்துகொண்டிருக்கும். தொலைபேசி சரியானால் மொக்தார் உங்களிடம் முன்பே சொல்லியிருப்பார். இருந்தாலும் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போன வாரம் புதன்கிழமை விடிந்ததும் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். முழங்கால் வரை சேறு, தோளில் ஒரு மூட்டை, கையில் நான் உனக்கு எழுதிய உறை.

"நீதானே வஹீபா? நஜாத் சொன்ன மூக்கு அப்படியே இருக்கே" என்றார் உன் அம்மா.

என் மூக்கைப் பற்றி நீ என்ன சொன்னாய் என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

ஹாஜா கைரா வீட்டுக்குப் போகும் முனையில் காவலர் வண்டி நின்றிருந்ததாம். கையில் இருந்த வேறு ஒரே விலாசம் என்னுடையது. அப்பா முற்றத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். சீருடைச் சட்டை ஆணியில் தொங்கியது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்பா பாதி முகம் நுரையோடு திரும்பினார்.

"யாரும்மா?"

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "டென்மார்க்லேர்ந்துப்பா. நான் தங்கியிருந்த வீட்டம்மாவுக்குச் சொந்தம்."

அப்பா உன் அம்மாவின் ஜெல்லாபா அங்கியைப் பார்த்தார். தலைத்துணியைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார்.

"டென்மார்க்கா?"

"ஆமா தம்பி. டென்மார்க்" என்றார் உன் அம்மா, சுத்தமான வஜ்தாப் பேச்சில்.

"பயணமெல்லாம் எப்படி?"

"ஒரே குளிரு. கழுத வேற நொண்டி."

"டென்மார்க்ல கழுத இருக்கா?"

"கழுத எந்த ஊர்லதான் இல்ல தம்பி?"

அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதி முகத்தை மழித்தார். சட்டையைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். போகும்போது என் அம்மாவிடம், "விருந்தாளிக்கு வெந்நீர் போடு, கால் வெறச்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து உன் அம்மா பகலில் ஃபௌஸியாவோடு இருக்கிறார், படுக்க இங்கே வருகிறார். ஹாஜா கைராவின் யோசனைதான். இந்த ஊரிலேயே யாரும் தேடாத வீடு சுங்க அதிகாரி வீடு என்றார்.

சனிக்கிழமை மாலை வலி எடுத்துவிட்டது. மருத்துவமனையில், இரத்த அழுத்தத்தால் இங்கே பார்க்க மாட்டோம், தெலம்சானுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். உள்நாட்டுச் சண்டையால் போட்டிருக்கிற இரவு ஊரடங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மொக்தார் தன் பேருந்தையே எடுத்துவந்தார். அத்தனை பெரிய காலி வண்டியில் உள்விளக்கெல்லாம் எரிய, பின்வரிசையில் ஃபௌஸியா, தலைமாட்டில் உன் அம்மா, கால்மாட்டில் ஹாஜா கைரா, நடுவில் நான். சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் ஏறினார்கள். ஒருவன் உன் அம்மாவைக் காட்டி அடையாள அட்டை கேட்டான். உன் அம்மா வாயைத் திறந்தால் வஜ்தா வந்துவிடும். மறுபடி டென்மார்க் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

ஹாஜா கைரா எழுந்து நின்றார். "எங்கக்காடா அவ. பொண்ணு இங்க சாகக் கெடக்கறா, அட்டை கேக்கறியா? உங்க ஆத்தா உன்னப் பெத்தப்ப யாராவது அட்டை கேட்டாங்களா? இறங்கு!"

அவன் இறங்கிவிட்டான். வண்டி கிளம்பியதும் ஹாஜா கைரா உன் அம்மாவிடம் திரும்பி, "அக்கான்னு சொன்னேங்கறதுக்காகத் தலைமேல ஏறி உக்காந்துக்காத" என்றார்.

பெண் குழந்தை. ஃபௌஸியா இரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். இப்போது இருவரும் நலம். உன் அம்மா கொண்டுவந்த கம்பளியில்தான் குழந்தை தூங்குகிறது. பெயர் வைப்பதில் இரண்டு அம்மாக்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

இதோடு முடித்திருக்கலாம். முடியவில்லை. உன் அம்மா வந்த அதே நாள், மலைப்பக்கத்தில் என் அப்பா இரண்டு பேரைப் பிடித்தார். உங்கள் ஊர்க்காரர்கள், பெட்ரோல் கேன்களோடு போனவர்கள். அவர்களில் ஒருவனுக்கு இங்கே ஒரு தங்கை இருக்கிறாள். அவள் மறுநாள் எங்கள் வாசலில் வந்து அழுதாள். அப்பா வெளியே போகவில்லை. உன் அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நான் அப்பாவிடம் கேட்டேன், "இவங்கள விட்டீங்க, அவங்கள ஏன் விடல?" என்று. அப்பா என்மேல் கையோங்கினார். அடிக்கவில்லை. என் வாழ்நாளில் அவர் கையோங்கியது அதுதான் முதல் தடவை.

எது சரி என்று டென்மார்க்கில் என்னைக் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். அங்கே எல்லாவற்றுக்கும் நம்மிடம் பதில் இருந்தது.

வஹீபா

வஜ்தா
19 ஜனவரி 1995

அன்புள்ள வஹீபா,

"அன்புள்ள" என்பதை இந்தத் தடவை அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

மொக்தார் மச்சான் தொலைபேசியில் யாராவது ஒட்டுக்கேட்பார்களோ என்று பயந்து, "டென்மார்க்லேர்ந்து வந்த அம்மா பத்திரமா இருக்காங்க" என்றார். அப்பா "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். மச்சான் மறுபடி கூப்பிட்டார், அப்பா மறுபடி வைத்துவிட்டார். மூன்றாவது தடவை நான் எடுத்ததால் தப்பித்தோம்.

அம்மா குழந்தைக்கு நாற்பது நாள் முடிந்த பிறகு போன வழியே திரும்பி வந்து சேர்ந்தாள். எப்படி வந்தாள், யார் வழி சொன்னார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். உன் அப்பாவுக்கு அன்று வேறு இடத்தில் வேலை போட்டிருந்தார்கள் என்று மட்டும் சொன்னாள். போட்டார்களா, கேட்டு வாங்கிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. முட்டி இப்போது சுத்தமாக மடங்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டே தொழுகிறாள். வருத்தமே இல்லை அவளுக்கு. ஆனால் புத்திதான் எங்கேயோ இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு அங்கே பேசுகிறாள். "கைரா ஒரு பிசாசு" என்கிறாள், அடுத்த மூச்சில் "கைரா இந்நேரம் சாப்பிட்டிருக்க மாட்டா" என்கிறாள். நான் பாத்திரம் கழுவினால் "வஹீபா இப்படித் தண்ணிய வீணாக்க மாட்டா" என்கிறாள். உன்னை எனக்கு மறுபடி பிடிக்காமல் போய்விடும் போலிருக்கிறது.

கடைத்தெரு ஆள் திரும்பி வந்துவிட்டான். அவனோடு போன இருவரும் வரவில்லை. அவர்களில் ஒருவன் மனைவி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறாள். அம்மா பேத்தியைப் பார்த்துவிட்டு வந்த கதையைக் கேட்க அக்கம்பக்கமே வந்தது, அவள் மட்டும் வரவில்லை. அவளைத் தெருவில் பார்க்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். எங்கள்மேல் என்ன தப்பு? தெரியவில்லை. ஆனால் குனிகிறேன்.

அந்தக் கோட்டு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். நீ மாற மாட்டாய் என்றும் தெரியும். ஆனால் உன் அப்பாவைப் பற்றி நான் சொன்னது அநியாயம். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத வந்தபோதெல்லாம் வேறு ஏதாவது வந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

பள்ளியில் மறுபடி கூப்பிட்டார்கள். "பண்பாடுகளைப் புரிந்துகொள்வது" என்று தலைப்பு கொடுத்தார்கள். மேடையில் நின்றபோது பேருந்தும் ஹாஜா கைராவும் நாக்கு நுனியில் நின்றார்கள். சொன்னால் உன் அப்பா, மொக்தார், என் அம்மா எல்லாரும் மாட்டுவார்கள். அதனால் மறுபடியும் பனியையும் மிதிவண்டியையும் சொன்னேன். பிரமாதமான கைதட்டல்.

குழந்தைக்குக் கடைசியில் என்ன பெயர்? அம்மா ஒன்று சொல்கிறாள், மச்சான் ஒன்று சொல்கிறார்.

நஜாத்

பெஷார், அல்ஜீரியா
12 மார்ச் 1995

அன்புள்ள நஜாத்,

ஊரைப் பார்த்துக் குழம்பாதே. நாங்கள் இங்கே வந்துவிட்டோம். தெற்கே, பாலைவன விளிம்பு. அப்பாவுக்கு மாற்றல். யாரோ மேலிடத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று அப்பா சொல்லவில்லை. தண்டனை என்றும் யாரும் சொல்லவில்லை. "மாற்றல்" என்று ஒரு காகிதம், அவ்வளவுதான். என் அம்மாதான் சாமான் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "நல்லது பண்ணினா இப்படித்தான்" என்றார். பிறகு, "பண்ணாம இருந்திருந்தா மட்டும் நல்லா இருந்திருப்போமா" என்றார். அப்பா ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

உன் அம்மாமேல் கோபப்பட்டுப் பார்த்தேன். உன்மேலும் பட்டுப் பார்த்தேன். வண்டியில் வழி முழுக்க முயற்சி செய்தேன். யார்மேலும் நிலைக்கவே இல்லை. யார்மேல் படுவது என்று தெரியாத கோபத்தை இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மன்னிப்பு விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. நீ சொன்னதே அவருக்குத் தெரியாது. நான் மன்னித்தாயிற்று. கோடு அப்படியேதான் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் ஃபௌஸியாவைப் பார்த்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பதிவேட்டில் ஒரு பெயர், ஹாஜா கைரா கூப்பிடுவது இன்னொன்று, ஃபௌஸியா கூப்பிடுவது மற்றொன்று. குழந்தை எல்லாவற்றுக்கும் திரும்புகிறது.

இங்கே எனக்கு யாரையும் தெரியாது. வெயில், மணல், காற்று. எங்கள் தெருவில் கடைசி வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். ஃபிகிக்காரி. உங்கள் நாட்டு எல்லையோர ஊர்தானே அது, பேரீச்சைத் தோப்புகள் இருக்குமே, அங்கிருந்து கல்யாணமாகி வந்தவள். எல்லை மூடியதிலிருந்து அம்மா வீட்டுக்குப் போகவில்லை என்றும், யாரோடும் பேசுவதில்லை என்றும் கடைக்காரர் சொன்னார். அவளுக்கு எந்தத் தங்கையும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. போய்ப் பார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நாள் அந்தக் கதவைத் தாண்டித் தாண்டிப் போனேன். நேற்று தட்டிவிட்டேன்.

திறந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கையெல்லாம் மாவு. என் பேச்சைக் கேட்டதும் நான் எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது. தெருவில் சுங்க அதிகாரி மகள் வந்திருக்கிறாள் என்பதும் அவளுக்கு முன்பே தெரியும்.

"எதுக்கு வந்திருக்க? யார் அனுப்பினா?" என்றாள்.

டென்மார்க்கில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் வாரமே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவளும் கதவை மூடவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உள்ளே அடுப்பில் ரொட்டி கருகும் வாடை வந்தது. "ரொட்டி கருகுது" என்றேன். அவள் ஓடினாள். கதவு திறந்தே இருந்தது.

நான் உள்ளே போனேன். சரியா, தப்பா என்று தெரியவில்லை. எழுது.

வஹீபா